ஆள் கணக்கும் தொழில் கணக்கும்

கொங்கு நாட்டில் கல்யாணப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "பையன் என்னுங்க பண்றாப்ல?" என்பது. "திருப்பூர்ல ஒரு கம்பெனில இருக்கறானுங்க" என்று பதில் வந்தால் அடுத்த கேள்வி தயாராக நிற்கும்: "சொந்தமா ஏதாச்சும் பண்றாப்லயா?" இந்தச் "சொந்தமா" என்ற ஒரு சொல்லுக்கு இந்தப் பக்கம் அத்தனை எடை. கடன் வாங்கி நாலு மெஷின் போட்டவர் ஒரு படி மேலே உட்காருகிறார். அதே வேலையை இன்னொருவரிடம் நல்ல சம்பளத்துக்குச் செய்து, கடனில்லாமல், ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டில் சாப்பிடுகிறவர் ஒரு படி கீழே போகிறார். இரண்டு பேரில் யார் நிம்மதியாக இருக்கிறார் என்று அந்தப் பந்தியில் யாரும் விசாரிப்பதில்லை.

இந்த எடை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால்தான் அதை இறக்கி வைக்க முடியும். வெறுமனே "மத்தவங்க பேச்சைக் கண்டுக்காதீங்க" என்று சொல்லி அனுப்புவது யாருக்கும் உதவியதில்லை.

கொங்கு மண் டெல்டா போல ஆறு தேடி வந்து பாயும் மண் அல்ல. பவானிக் கால்வாய், அமராவதிப் பாசனம் போன்ற பகுதிகளை விட்டால் பெரும்பாலும் கிணறும் மானாவாரியும்தான். மாடு பூட்டி, கிணற்றிலிருந்து தோல்பையில் நீர் தூக்கும் கவலை ஓட்டினால்தான் அந்தக் காலத்தில் சோளமும் பருத்தியும். கோயம்புத்தூரில் 1888-ல் முதல் நூற்பாலை வந்தது. 1932-ல் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகின; மில்லைச் சுற்றிப் பட்டறைகள், பட்டறையிலிருந்து மோட்டார் பம்பு, வெட் கிரைண்டர் என்று ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தது. திருப்பூரில் பனியன், கரூரில் வீட்டு உபயோகத் துணி, சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி, நாமக்கல்லில் கோழிப் பண்ணையும் லாரியும், திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி. இவற்றில் பலவும் அரசாங்கம் கொண்டுவந்து வைத்தவை இல்லை. தோட்டத்தில் இறங்கி வேலை செய்த கைகள் மெஷினுக்குப் போய், மெஷினிலிருந்து முதலாளி நாற்காலிக்குப் போன கதை. திருப்பூர் முதலாளிகளை நேரில் கண்டு விரிவாக ஆராய்ந்தவர் ஷரத் சாரி. 2004-ல் வந்த அவருடைய ஆய்வு இதைத்தான் பதிவு செய்கிறது: கூலிக்கும் சிறு விவசாயத்துக்கும் இருந்து மேலே வந்த பலர், தங்கள் உயர்வுக்குக் காரணமாகச் சொன்ன ஒரே சொல் "உழைப்பு".

கதை உண்மை. அதில் இருக்கிற பெருமையும் நியாயமானது. ஆனால் அதைத் திருப்பிப் போட்டால் என்ன வருகிறது என்று பாருங்கள். உழைத்தவன் எல்லாம் முதலாளி ஆனான் என்றால், முதலாளி ஆகாதவன் உழைக்காதவன். யாரும் வாய்விட்டு அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருஷம் ஓவர்லாக் மெஷினில் குனிந்து முதுகு வளைந்த ஒருவர், அதைத் தானே தனக்குச் சொல்லிக்கொள்கிறார். சிக்கல் ஆரம்பிக்கிற இடம் இது.

இரண்டாவது முடிச்சு இன்னும் இறுக்கமானது. இந்த ஊர்த் தொழில் நெடுங்காலம் ஓடியது பேங்க் பத்திரத்தை நம்பி மட்டும் அல்ல, பேரை நம்பி. நூல் கடையில் முப்பது நாள் தவணை, சாயப்பட்டறையில் பாக்கி, மாமன் மச்சானிடம் கைமாத்து, சீட்டு. "அவர் பையனுங்க, நம்பிக் குடுக்கலாம்" என்ற ஒரு வரிதான் ஈடு. அப்படியிருக்கும்போது தொழில் சரிந்தால் பணம் மட்டும் போவதில்லை, பேர் போகிறது. "நாணயம்" என்ற ஒரே சொல் காசுக்கும் யோக்கியத்துக்கும் நமக்குப் பொதுவாக இருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. தொழில் கணக்கும் ஆள் கணக்கும் ஒரே நோட்டில் எழுதப்படுகின்றன. தன்னை ஏற்றுக்கொள்வது என்பதை இந்த ஊர் மொழியில் சொன்னால், அந்த ஒரு நோட்டை இரண்டாகப் பிரித்து எழுதுவது.

மூன்றாவது, பங்காளி. லியான் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954-ல் ஒரு கோட்பாட்டை வைத்தார்: மனிதர்கள் தங்களை அளப்பதற்கு வேறு அளவுகோல் இல்லாதபோது மற்ற மனிதர்களை வைத்து அளக்கிறார்கள், அதுவும் எட்டாத உயரத்தில் இருப்பவரை விட்டுவிட்டு, தன்னைப் போலவே இருப்பவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டாடாவைப் பார்த்து யாருக்கும் தூக்கம் கெடுவதில்லை. ஒரே அப்பாருடைய பேரன், ஒரே தோட்டத்தைப் பாகம் பிரித்தவன், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன், வாசலில் இன்னோவா நிறுத்தியிருந்தால் தூக்கம் கெடுகிறது. ஆரம்பம் ஒன்றாக இருந்ததால், வித்தியாசம் முழுவதும் "நான்" என்ற கணக்கில் விழுந்துவிடுகிறது. அவனுக்கு ரோட்டோரப் பங்கு வந்ததும், நமக்கு உள்ளே தள்ளிய பங்கு வந்ததும், அவன் மாமனார் ஏற்றுமதிக் கம்பெனி வைத்திருந்ததும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை.

இந்தப் போட்டிக்கு நம் ஊரிலேயே கண்ணெதிரே ஓர் உருவம் இருக்கிறது: போர்வெல். பக்கத்துத் தோட்டத்தில் 600 அடி போட்டால் நம் கிணறு வற்றுகிறது. நாம் 800 போடுகிறோம், அவர் ஆயிரம் போடுகிறார். ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செய்தது புத்திசாலித்தனமான காரியம். எல்லாரும் சேர்ந்து செய்ததில் யாருக்கும் கூடுதல் தண்ணீர் இல்லை, எல்லாருக்கும் கூடுதல் கடன். கல்யாணச் செலவும் வீட்டின் முகப்பும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் இப்போது அதே மாதிரிதான் ஆழம் போய்க்கொண்டிருக்கின்றன. ஆயிரம் பேர் சாப்பிட்ட கல்யாணம் பெரிய கல்யாணமாக இருந்த காலம் போய், அது சாதாரணக் கல்யாணம் ஆனதால் யாருடைய சந்தோஷமும் கூடவில்லை.

பெண்களுக்கு இதே கயிறு வேறு இடத்தில் இறுகுகிறது: எத்தனை பவுன், எந்த ஊரில் மாப்பிள்ளை, "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லீங்களா?" தோட்டத்தில் நின்று வெள்ளாமை பார்க்கிற இளைஞர்களுக்குப் பெண் கிடைப்பதே பாடு, பத்து ஏக்கரும் தண்ணீரும் இருந்தும், "பையன் ஊர்லயே இருக்கறாப்லயா?" என்ற கேள்வியோடு ஜாதகம் திரும்பி வருகிறது. இவர்களில் யாரும் தோற்றவர்கள் இல்லை.

இனி, உழைப்பு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறதா என்று ஊர் வரலாற்றையே கேட்போம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயக்கழிவால் நொய்யல் ஆற்றுக்கு நடந்த அநியாயத்துக்கு அந்த உத்தரவு தேவைப்பட்டது, ஆனால் அதனால் வேலை இழந்த செக்கிங் பெண்ணுக்கும் மடித்துக் கட்டும் பையனுக்கும் அந்த அநியாயத்தில் பங்கில்லை. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி. 2020-ல் ஊரடங்கு. 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டது. பொள்ளாச்சித் தென்னையில் 2016-ல் சுருள் வெள்ளை ஈ வந்தது. ஈரோட்டு மஞ்சள் 2010-ல் உச்சம் தொட்டு, அதை நம்பி நட்டவர்கள் 2012-ல் பாதிக்கும் கீழே விற்றார்கள். நாமக்கல் பண்ணைக்காரருக்குத் தன் முட்டையின் விலையே தினமும் அறிவிப்பில்தான் தெரிகிறது. இதில் எந்தத் தேதியையும் யாருடைய உழைப்பும் தடுத்திருக்காது. அதே போல, நல்ல வருஷத்தில் மேலே போனவருக்கும் அந்த வருஷம் தன் பங்கைக் கொடுத்திருக்கிறது.

தன்னை ஏற்றுக்கொள்வது என்றால் என்ன என்பதில் பெரிய குழப்பம் இருக்கிறது. "நான் இப்படித்தான்" என்று கையைக் கட்டிக்கொள்வது அதில் சேராது. நான் உயர்ந்தவன், திறமைசாலி என்று தினமும் கண்ணாடி முன்னால் சொல்லிக்கொள்வதும் சேராது. அதுவும் மதிப்பெண் போடுவதுதான், மேலே போடுகிறோம் என்பது மட்டுமே வித்தியாசம். ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளர் இதைத் தெளிவாகப் பிரித்தார்: செய்த காரியத்துக்கு மதிப்பெண் போடலாம், போடவும் வேண்டும்; செய்த ஆளுக்குப் போடக்கூடாது. "இந்த ஆர்டரை நஷ்டத்துக்கு எடுத்தேன்" என்பது காரியத்துக்கான மதிப்பெண். "நான் உருப்படாதவன்" என்பது ஆளுக்கான மதிப்பெண். முதலாவதிலிருந்து ஏதாவது கற்றுக்கொள்ளலாம். இரண்டாவதிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை, படுத்துக்கொள்ள மட்டுமே முடியும்.

பெரியவர்களின் பயம் ஒன்று உண்டு: பையனைத் திட்டாமல் விட்டால் சோம்பேறி ஆகிவிடுவான், நம்மை நாமே விரட்டாவிட்டால் நின்றுவிடுவோம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பயத்தைச் சோதித்துப் பார்த்தது. கடினமான ஒரு சொற்தேர்வில் சறுக்கிய மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், இது எல்லாருக்கும் நடப்பதுதான், உங்களையே கடிந்துகொள்ள வேண்டாம் என்ற தொனியில் சொல்லப்பட்டது. அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிட அவர்களே அதிக நேரம் படித்தார்கள். காரணம் எளிது. அடிவிழும் என்று தெரிந்த இடத்தைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் மனம் வராது. தப்பு செய்த நோட்டைத் திறந்தால் தன் மீதே சாட்டை விழும் என்றால், நோட்டையே திறக்கமாட்டோம். கடன் நோட்டீஸைப் பிரிக்காமல் பீரோவில் செருகி வைப்பவர்கள் எல்லாரும் பொறுப்பில்லாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் தங்களையே அதிகம் அடித்துக்கொண்டவர்கள் அவர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். "போதும்" என்ற சொல்லை யார் யாருக்குச் சொல்கிறார் என்பது முக்கியம். நூற்பாலைகளில் இளம்பெண்களை மூன்று வருஷம் விடுதியில் அடைத்து வைத்து, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொன்ன சுமங்கலித் திட்டம் இந்த மண்ணில்தான் நடந்தது. அந்தப் பெண்ணிடம் மனநிறைவைப் பற்றிப் பேசுவது கொடுமை. காலனி வீட்டிலிருந்து முதல் ஆளாகப் படித்து வருகிற பிள்ளையிடம் "ஆசைக்கு அளவு வேணும் கண்ணு" என்று ஊர் சொல்வதும் அப்படியே. சம்பள ஒப்பந்தப் பேச்சில் கூடுதல் கேட்பதும், பாக்கியைக் கேட்டு வாங்குவதும், சாதி பார்த்து வீடு மறுப்பவரை எதிர்ப்பதும் மனநிறைவுக்கு எதிரானவை அல்ல. போதும் என்பது ஒருவர் தன் கணக்கைத் தானே போட்டுத் தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியது. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் சொன்னால் அதற்குப் பெயர் அடக்குவது.

நோட்டைப் பிரிக்கும் வேலைக்கு வருவோம். தேவை ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா, வாரத்தில் ஒரு நாள் இருபது நிமிஷம். பகலில் செய்ய வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் எந்தக் கணக்கும் உண்மையைவிட இருண்டு தெரியும்.

முதலில், மனசுக்குள் ஓடுகிற வசை வாக்கியத்தை அது ஓடுகிற பேச்சிலேயே எழுதுங்கள். "நானெல்லாம் எதுக்கும் லாயக்கில்ல." திருத்தமான தமிழில் எழுதினால் அதன் கூர் மழுங்கிவிடும், பிடிபடாது. அதற்குக் கீழே, அந்த வாக்கியத்துக்குக் காரணமான நிகழ்ச்சியை ஒரு பத்திரம் எழுதுகிற மாதிரி, தேதியும் தொகையும் மட்டும் போட்டு எழுதுங்கள்: "12 மெஷின் வைத்து ஜாப் ஒர்க் ஆரம்பித்தேன். 14 மாதத்தில் நிறுத்தினேன். பாக்கி 3,40,000 ரூபாய்." இந்த இரண்டாவது வாக்கியத்தில் "லாயக்கு" என்ற சொல்லுக்கே இடம் இருக்காது. பலருக்கு முதல் நிம்மதி இங்கேயே கிடைக்கிறது.

பிறகு பக்கத்தின் நடுவில் கோடு. இடது பக்கம் என் கையில் இருந்தவை: பீஸுக்கு 14 ரூபாய் அடக்கம் ஆகிறபோது 13-க்கு ஒப்புக்கொண்டது, சேதாரத்தைக் கணக்கில் சேர்க்காதது, பேச்சை எழுதி வாங்காதது. வலது பக்கம் என் கையில் இல்லாதவை: நூல் விலை, ஆர்டர் நின்றது, கம்பெனி 90 நாள் கழித்துப் பணம் கொடுத்தது. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு தகவல்: 2006-ம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டப்படி, மத்திய அரசின் உத்யம் பதிவு உள்ள சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளில் தந்தாக வேண்டும்; தாமதத்துக்குக் கூட்டு வட்டியும் உண்டு. சட்டத்தை மீறியது எதிர்த்தரப்பு. அந்தப் பழியைத் தன் பக்கம் எழுதிக்கொண்டு தூக்கம் கெட்டவர்கள் எத்தனையோ பேர்.

இடது பக்கத்திலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்து, இந்த வாரம் அதற்கு என்ன செய்யலாம் என்று எழுதினால் அன்றைய வேலை முடிந்தது.

இது எங்கே கெட்டுப்போகிறது என்றால், மூன்று இடங்களில். சிலர் வலது பக்கத்தையே நிரப்புவார்கள்; இடது பக்கம் காலியாக இருந்தால் அது சமாதானம் சொல்லிக்கொள்வது, ஆறு மாதத்தில் அதே தப்பு திரும்ப வரும். சிலர் இடது பக்கத்தை மட்டும் நிரப்புவார்கள். அவர்களுக்கு அதே தொழிலில் இருக்கிற, நம்பிக்கையான ஒரு சேக்காளி பக்கத்தில் உட்கார்ந்து வலது பக்கத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, இந்தப் பயிற்சியையே இன்னொரு பரீட்சை ஆக்கிக்கொள்வது: "மனசை ஏத்துக்கக் கூட எனக்குத் தெரியல." அப்படி வந்தால் நோட்டை மூடிவைத்துவிட்டு இரண்டு வாரம் கழித்து எடுக்கலாம்.

அடுத்தது போதும் கணக்கு. மனநிறைவு மனதில் மட்டும் இருந்தால் பங்காளியின் புதுக் கார் வந்த அன்றே பறந்துவிடும். அதற்கு ஒரு எண் வேண்டும். திருப்பூரில் லைன் வீட்டில் இருக்கும் நாலு பேர் குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கணவர் கட்டிங்கில் ஷிப்டுக்கு 750 ரூபாய், மனைவி செக்கிங்கில் 450, இருவருக்கும் மாதம் 26 ஷிப்ட் என்றால் 31,200 ரூபாய். வாடகை 6,500, மளிகை, காய், பால், கேஸ் 10,000, பிள்ளைகள் படிப்பும் பஸ்ஸும் 4,000, கரண்ட், போன் 1,200, மருந்து, போக்குவரத்து 2,000. கூட்டினால் 23,700. மூன்று மாதச் செலவான 71,100 ரூபாயை ஆபத்துக் காசாக ஒதுக்க வேண்டும்; மாதம் 3,000 போட்டால் இரண்டு வருஷத்தில் சேர்ந்துவிடும். மிச்சம் 4,500. மொய், நோன்பி, துணிமணி, ஊருக்குப் போய்வர எல்லாம் அதற்குள்.

இப்போது "ஒரு கார்கூட இல்லாம" என்ற பேச்சுக்காக 8 லட்சம் கடனில் கார் எடுத்தால், 9 சதவீத வட்டி, 7 வருஷம் என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 12,870. கையில் இருக்கும் 4,500-ஐ முழுவதும் அதில் போட்டாலும் 8,370 இடிக்கும். அது 11 ஷிப்டுக்கும் மேல். அரை அரை ஷிப்டாகப் பார்த்தால் மாதத்தில் 22 சாயங்காலம், 84 மாதம். பெட்ரோல் தனி. காரின் விலை எட்டு லட்சம் என்று சொல்லும்போது தெரியாதது, பிள்ளை ஐந்தாவதிலிருந்து பன்னிரண்டாவது போகிறவரை அப்பா ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கமாட்டார் என்று சொல்லும்போது தெரிகிறது. அப்படித் தெரிந்த பிறகும் வேண்டும் என்றால் வாங்கலாம். அது அவருடைய ஆசை. ஊருக்காக என்றால், அந்த 22 சாயங்காலத்தை ஊர் திருப்பித் தராது.

இந்தக் கணக்கைக் கணவனும் மனைவியும் சேர்ந்துதான் போட வேண்டும். ஒருவர் மட்டும் போதும் என்று முடிவு செய்தால் மற்றவருக்கு அது கஞ்சத்தனமாகவே படும். மொய்யை விட்டுவிட்டுப் போடுவதும் பலர் செய்யும் தவறு. மொய் நோட்டில் நமக்கு எழுதியவருக்குத் திருப்பிச் செய்தாக வேண்டும், அது கடன். நோட்டைப் புரட்டி அடுத்த வருஷம் யார் யார் வீட்டில் விசேஷம் என்று குறித்துக்கொண்டால் வைகாசி, ஆவணியில் தடுமாற்றம் வராது. ரொம்ப இறுக்கியும் கட்டக்கூடாது. வாரம் ஒரு நாள் பிரியாணியையும் வெட்டிவிட்ட கணக்கு மூன்றாம் மாதம் அறுந்துபோகும்.

பிளஸ் டூ முடிவு வருகிற நாளை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளும் மாநில ரேங்க் பட்டியலும் ஒரு காலத்தில் பிரிக்க முடியாதவை. தமிழக அரசு 2017-ல் ரேங்க் வெளியிடுவதை நிறுத்தியது. பிளஸ் டூ மொத்த மதிப்பெண்ணும் 1200-லிருந்து 600 ஆனது. ஆனால் வீட்டுக்குள் ரேங்க் நிற்கவில்லை. அன்றைக்கு வீட்டில் செய்யக்கூடியது: மதிப்பெண் தெரிந்த முதல் ஒரு மணி நேரத்தில் சொந்தக்காரர் யாருக்கும் போன் செய்யாதீர்கள், வருகிற போனையும் அம்மா அப்பாவே எடுங்கள். "எவ்வளவு?" என்பதற்கு முன்னால் "வா கண்ணு, சாப்டலாம்" என்பது வரட்டும். பங்காளி வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் அந்த வாரம் முழுவதும் வீட்டில் பேசப்படக் கூடாது. மறுகூட்டலுக்கும் விடைத்தாள் நகலுக்கும் விண்ணப்பிக்கலாம். தவறிய பாடத்துக்கு அதே வருஷம் துணைத் தேர்வு உண்டு. பொறியியல் கட் ஆஃப் 200-க்கு, கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. அது குறைந்தால் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் வருஷம் சேர்ந்து, டிப்ளமோ முடித்து, மறுபடி பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேரடியாகச் சேரலாம். கோவைப் பட்டறைகளில் நல்ல டர்னருக்கும் சிஎன்சி ஆபரேட்டருக்கும் ஆள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். வழிகள் இத்தனை இருக்கின்றன என்பதை முடிவு வருவதற்கு ஒரு வாரம் முன்பே பிள்ளையோடு உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. வந்த பிறகு பேசினால் ஆறுதல் சொல்கிறார்கள் என்றுதான் பிள்ளைக்குப் படும்.

நோட்டாலும் கணக்காலும் தீராத நிலை ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் சரியில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாத களைப்பு, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு — இவை மனச்சோர்வு நோயின் அறிகுறிகள். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுவது போல இதற்கும் மருத்துவம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் பேசலாம். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் கேட்கத் தயங்காதீர்கள்: "சாகணும்னு நெனப்பு வருதா?" என்று கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது, கேட்டவுடன் பலர் மனம் விட்டுப் பேசுகிறார்கள். தோட்டத்து வீடுகளில் இன்னொரு வேலையும் உண்டு. பூச்சி மருந்து, களைக்கொல்லி எல்லாவற்றையும் வீட்டிலிருந்து அகற்றி, பூட்டி, சாவியை வேறொருவர் வைத்திருக்க வேண்டும். அந்த எண்ணத்தின் உச்சம் பல சமயம் சில நிமிஷமே நிற்கிறது. அந்த நேரத்தில் மருந்து கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றுகிறது.

கடைசியாக, மூடுவது. ஆரம்பிக்க ஆயிரம் பேர் வழி சொல்வார்கள். நஷ்டத்தில் ஓடும் யூனிட்டை ஒழுங்காக மூட யாரும் சொல்லித் தருவதில்லை. மூடத் தெரியாததால்தான் மூன்று லட்சம் கடன் முப்பது லட்சம் ஆகிறது. பேருக்காக இன்னும் ஒரு சீசன், அதற்காகத் தோட்டத்தின் மேல் இன்னும் ஒரு கடன்.

மூடும் முடிவு எடுத்த அன்று செய்ய வேண்டியது, முழுக் கடனையும் ஒரே தாளில் எழுதி வீட்டில் காட்டுவது. பேங்க், பைனான்ஸ், சீட்டு, கைமாத்து, நூல் பாக்கி, ஆள் சம்பளம், பிஎஃப், ஈஎஸ்ஐ, கரண்ட். ஒன்றை மறைத்தாலும் அந்த ஒன்றுதான் பிறகு வெடிக்கும். வட்டி கட்டப் புதுக் கடன் வாங்குவது அன்றோடு நிற்க வேண்டும். மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் ஆகியவற்றுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் இருக்கிறது. மிரட்டல் வந்தால் போலீசில் எழுதிக் கொடுக்கலாம். முதல் காசு ஆள் சம்பளத்துக்கு. அவர்களுக்கு அடுத்த வாரத்து அரிசி அதில் இருக்கிறது. பிறகு பாக்கிக்காரர் ஒவ்வொருவரையும், அடுத்தவர் வாயால் அவர் கேள்விப்படும் முன், நேரில் போய்ப் பார்க்க வேண்டும்: "நிறுத்தறனுங்க. உங்களுக்கு இவ்வளவு இருக்குது. மாசம் இவ்வளவு தர முடியும்." முடிகிற தொகையைவிடக் குறைத்துச் சொல்லி, சொன்ன தேதியில் கொடுக்க வேண்டும். போனை எடுக்காமல் ஒளிகிறவரின் பேர்தான் உண்மையில் போகிறது. நஷ்டம் வந்ததை நேரில் வந்து சொன்னவருக்கு இந்த ஊர் மறுபடியும் நூல் கொடுத்திருக்கிறது. மெஷின்களை ஒரே நாளில் பழைய இரும்புக் கணக்கில் தள்ளாமல், ஆர்டர் சூடாக இருக்கும் மாதத்தில் ஒவ்வொன்றாக விற்கலாம். ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்து, ரத்தான மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அதை விட்டால் தாமதக் கட்டணம் ஏறும்.

எல்லாம் முடிந்து அடுத்த விசேஷத்துக்குப் போகும்போது கேள்வி வரும், வராமல் இருக்காது. போகாமல் இருந்துவிடுவது எளிதாகத் தோன்றும், ஆனால் ஒரு வருஷம் போகாதவருக்கு இரண்டாம் வருஷம் வாசல் இன்னும் தூரமாகிறது. நீண்ட விளக்கமும் வேண்டாம். நூல் விலையில் ஆரம்பித்து அமெரிக்க வரி வரை சொன்னால், கேட்பவருக்கு அது கெஞ்சுவது போலப் படும். சொல்பவருக்கும் இரண்டு நாள் வலிக்கும். இரண்டு வரி போதும்.

"கம்பெனிய விட்டுட்டீங்களாமா?"

"ஆமாங்க, நிறுத்திட்டனுங்க. இப்ப பல்லடத்துல ஒரு மில்லுல சூப்பர்வைசரா இருக்கறனுங்க. நீங்க எப்படீங்க இருக்கறீங்க, அம்மிச்சிக்கு மூட்டு வலி பரவாயில்லீங்களா?"